எண்பது தாண்டினால் கோல் வரும்

இரத்தினம்மா அன்ரியைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றால் அவர் பெற்ற மகன்தான் எழுத வேண்டும். அவன் எழுத மாட்டான், அவனுக்கு நேரமில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் றோஸி, வீடு கொட்டாஞ்சேனையில். அன்ரிக்கு நான் சொந்தமில்லை, ஊரில்லை, ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள்கூட இல்லை. அவருடைய ஃப்ளட்டில் இருந்த மெஷின்களை என் மனுசன் றெஜி பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் உறவு.

அன்ரி இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடியில். சுன்னாகத்தில் பிறந்தவர். இளம் வயதில் கொழும்புக்கு வேலைக்கு வந்து, கோட்டையில் தொலைபேசி நிலையத்தில் ஒப்பரேட்டராக இருந்து பென்சன் எடுத்தவர். அந்தக் காலத்தில் ஊரோடு பேச வேண்டும் என்றால் ட்ரங்க் கோல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூன்று மொழியிலும் “லைனில் நில்லுங்கோ” சொல்லி, அடுத்தவர் பிள்ளையை அடுத்தவர் தாயோடு பேச வைத்தே தன் ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். அதனாலேயோ என்னவோ, அந்தக் காது பொல்லாத காது. குரலைக் கேட்டே ஆள் அழுதவனா, குடித்தவனா, காய்ச்சலில் கிடக்கிறவனா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை நான் போனை எடுத்து “ஹலோ” என்றதுதான் தாமதம், “என்ன பிள்ளை, தம்பியோட சண்டையோ?” என்று கேட்டார். தம்பி என்று அவர் சொல்வது றெஜியை. சண்டைதான். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அன்ரியின் புருஷன் பாலசுந்தரம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து காலமானவர். ஒரே பிள்ளை கார்த்திகன். சூரிச்சில் இருக்கிறான், கம்பியூட்டர் வேலை. கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அவன் கெட்டவனும் இல்லை. குடியில்லை, கூத்தில்லை. றெஜியை “அண்ணா” என்றுதான் கூப்பிடுவான், எப்போதும் “நீங்கள்”தான். மாதம் தவறாமல் தாய்க்குச் செலவுக்கு அனுப்புவான். வாய்விட்டுச் சண்டை போடவும் விடாத மரியாதை அவனுடையது. எனக்கு எரிகிறதே அதில்தான்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கோல் அங்கிருந்துதான் வர வேண்டும், இங்கிருந்து போகக் கூடாது. இங்கிருந்து போனால் ஒன்றில் செத்தவீடு, இல்லாவிட்டால் காசு. இலங்கை நம்பரைக் கண்டதும் பிள்ளைக்கு நெஞ்சு திக்கென்று அடிக்குமாம். அதற்காகவே தாய்மார் தாங்களாகக் கோல் எடுக்க மாட்டார்கள், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். “நீங்க ஒரு கோல் அடிச்சுப் பாக்கிறதுதானே அன்ரி?” என்று நான் கேட்டால், “சீ, அவன் வேலையில நிப்பான். பயந்து போவான் பிள்ளை” என்பார். ஊர் முழுக்க லைன் கொடுத்த மனுசிக்குத் தன் மகனின் நம்பரை அமத்தக் கை வரவில்லை.

முதலில் கார்த்திகன் ஞாயிறு தோறும் கோல் எடுத்தான். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு காலையில் ஒரு பூப் படம் அனுப்புவான், கீழே “இனிய காலை” என்று இருக்கும். அன்ரி ஏதாவது எழுதினால் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் படம் வரும். “முழங்கால் நோ கொஞ்சம் குறைவு” என்றாலும் கட்டைவிரல், “மேல் வீட்டு மனுசன் செத்துப் போனார்” என்றாலும் கட்டைவிரல்.

இப்படி இருக்கும்போதுதான், கொரோனாக் காலத்தில், கார்த்திகனுக்கு நாணயம் தோண்டுகிற பைத்தியம் பிடித்தது. தோண்டுவது என்றால் மண்வெட்டி கொண்டு இல்லை. பெரிய பெரிய கார்ட் பூட்டிய கம்பியூட்டர்கள் இராப்பகலாக ஏதோ கணக்குப் போடும், அதற்குக் கூலியாகக் கண்ணுக்குத் தெரியாத நாணயம் அவன் கணக்கில் விழும். சூரிச்சில் கரண்ட் விலை கூட, இங்கே அப்போது மலிவு. அம்மாவின் ஃப்ளட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. அது தகப்பனின் அறை. கட்டில் கழன்று பல்கனிக்குப் போனது, ஆறு மெஷின்கள் இரும்புத் தட்டில் ஏறின. அந்த அறைக்கு ஒரு பெரிய ஃபான் வாங்கிப் பூட்டினார்கள். அன்ரியின் அறையில் கறகற என்று சுத்துகிற பழைய ஃபான் அப்படியே இருந்தது.

றெஜி கம்பியூட்டர் திருத்துகிறவர். வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. தினமும் போய்ப் பார்க்க ஏலாது என்பதால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். பெரிய விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம், எங்கள் வீட்டு மேசையில் கிடந்த பழைய லப்டொப்பில் ஓடுகிற கொஞ்ச வரிகள். சற்றைக்கு ஒருதடவை ஒவ்வொரு மெஷினையும் “இருக்கிறியா?” என்று கேட்கும். “இருக்கிறேன்” என்று பதில் வந்தால் பேசாமல் இருக்கும். பதில் வராவிட்டால் றெஜியின் போனுக்கும் கார்த்திகனின் போனுக்கும் செய்தி அடிக்கும். சூடு எண்பது பாகையைத் தாண்டினாலும் அடிக்கும். காலையில் ஒரு றிப்போர்ட் போகும்: ஆறும் ஓடுது. அதற்கு ஒரு கட்டைவிரல் வரும்.

ஒரு தாயைச் சற்றைக்கு ஒருதடவை “இருக்கிறியா?” என்று கேட்க ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அது என் மனதில் அப்போதே பட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பும் எரிந்தது.

மெஷின் வந்ததில் அன்ரிக்கு ஒரு நன்மை நடந்தது. ஏதாவது ஒன்று படுத்துவிட்டால், கொட்டாஞ்சேனையிலிருந்து றெஜி போய்ச் சேரும்வரை கார்த்திகனுக்குப் பொறுக்காது. உடனே தாய்க்கு எடுப்பான். “அம்மா, மூண்டாவதின்ர பட்டனை அமத்துங்கோ. அமத்திப்போட்டு லைனில நில்லுங்கோ, அது எழும்புதோ எண்டு பாப்பம்.” அது எழும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அன்ரி தன் கதையெல்லாம் சொல்லி முடிப்பார். லிஃப்ட் பழுதானது, மீன்காரன் வராதது, பக்கத்து வீட்டுப் பெட்டைக்குக் கல்யாணம் பேசினது எல்லாம். அவனும் “ம்… ம்…” என்று கேட்பான், வேறு வழியில்லை, மெஷின் எழும்ப வேண்டுமே. பட்டனை அன்ரி ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் போய் அமத்துவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

பிறகு நாடு கடனில் முறிந்து ஊரையே உலுக்கிய அந்த வருசம் வந்தது. அட்டவணை போட்டுக் கரண்ட் வெட்டினார்கள். காஸ் இல்லை, டீசல் இல்லை, ஃப்ளட் ஜெனரேட்டரும் வாயை மூடிக்கொண்டது. ஊரெல்லாம் வயிறெரிந்து திட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளவத்தையில் ஒரே ஒருவர் மட்டும் முகம் கழுவி, தலை இழுத்து, திருநீறு பூசிக்கொண்டு இருட்டில் இருந்தார். கரண்ட் போனால் ஆறு மெஷினும் ஒன்றாகப் படுக்கும், கோல் வரும். கரண்ட் வந்தால் ஆறையும் எழுப்ப வேண்டும், திரும்பவும் கோல் வரும். “இண்டைக்கு ரெண்டு தரம் எடுத்தவன் பிள்ளை!” என்று எனக்குப் போன் போட்டுச் சொல்வார். நான் அப்போது மண்ணெண்ணெய்க்குக் கியூவில் நிற்பேன். எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும்.

அந்தச் சந்தோசத்தில் மண்ணைப் போட்டவர் என் மனுசன். கெட்டிக்காரனைக் கட்டினால் இதுதான் கரைச்சல். கரண்ட் வெட்டுகிற அட்டவணையைக் கொண்டுபோய் ஸ்கிரிப்டுக்குள் போட்டார். வெட்டு நேரத்தில் மெஷின் பதில் சொல்லாவிட்டால் இனி அது செய்தி அடிக்காது. கரண்ட் வந்ததும் பட்டன் அமத்தாமலே மெஷின்கள் தாமாக எழும்புகிற மாதிரியும் செய்துவிட்டார். கார்த்திகன் ஒன்றுக்கு மூன்று கட்டைவிரல் அனுப்பினான். “அண்ணா, இப்பதான் நிம்மதி” என்று எழுதியும் இருந்தான். றெஜி அதை என்னிடம் காட்டிக் காட்டித் திரிந்தார்.

அன்ரிக்குக் கோல் நின்றது.

ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. பிறகு பின்னேரங்களில் சூட்டுச் செய்தி வரத் தொடங்கியது. நாலாவது எண்பத்திரண்டு, இரண்டாவது எண்பத்தொன்று. சித்திரை வெயில், இருக்கத்தானே செய்யும் என்று றெஜி நினைத்தார். ஆனால் வெயில் இல்லாத, மழை மூடின நாளிலும் சூடு ஏறியது. அதுவும் சூரிச்சில் அவன் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம் பார்த்து ஏறியது. கார்த்திகன் உடனே தாய்க்கு எடுப்பான், “அம்மா, அந்த அறை ஃபான் ஓடுதோ பாருங்கோ” என்பான். தாயும் “பாக்கிறன் அப்பன்” என்று போய்ப் பார்ப்பார். அதற்குப் பிறகு சூடு இறங்கும்வரை அவன் லைனில் நிற்க வேண்டும். சூடு ஏறுகிற வேகத்தில் இறங்காது, அது நேரம் எடுக்கும்.

ஒரு சனிக்கிழமை மெஷின்களுக்குத் தூசு ஊதப் போன றெஜியோடு நானும் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது, தட்டிக்கொண்டே உள்ளே போனோம். தகப்பனின் அறை வாசலில் ஒரு கதிரை போட்டிருந்தது. கதிரையில் அன்ரி, புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் போன், மூக்கில் கண்ணாடி. அறைக்குள் சூளை போட்ட மாதிரி வெக்கை. பெரிய ஃபான் அசையாமல் நின்றது. சுவரில் சுவிட்ச் அணைத்திருந்தது.

றெஜி பாய்ந்து போய்ச் சுவிட்சைப் போடப் பார்த்தார். அன்ரி கையை நீட்டி மறித்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி. எழுபத்தெட்டுத்தான் நிக்குது.”

மெஷின் தட்டில் இருந்த சின்னத் திரையில் ஓடுகிற இலக்கத்தை வாசிக்கப் பழகியிருந்தார். றெஜி என்னைப் பார்த்தார், நான் றெஜியைப் பார்த்தேன்.

“ஒண்டும் பழுதாகாது பிள்ளை” என்று அன்ரி என்னிடம் சொன்னார், பிடிபட்ட குழந்தை மாதிரி. “எண்பத்தஞ்சுக்கு மேல விடமாட்டன். எண்பதைத் தாண்டினால் எடுப்பான். எடுத்த உடன போட்டிடுவன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அந்த நேரத்தில் எல்லார் மேலும்தான். “அன்ரி, சும்மா எடுத்துக் கதைங்களேன்! உங்க மகன்தானே, ஜனாதிபதியா?” என்று கத்தியேவிட்டேன்.

“எடுத்தால் ‘என்னம்மா, என்ன நடந்தது’ எண்டு கேப்பான். ஒண்டும் நடக்கேல்லை எண்டால் வைச்சிடுவான்” என்றார். “இதெண்டால் ஒரு விசயம் இருக்கு. விசயம் இருந்தால் கதைப்பான்.”

அதற்குள் எண்பது தாண்டியது. போன் அடித்தது. அன்ரியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமி, ஒப்பரேட்டராக இருந்த காலத்துக் குரலில் “ஹலோ” என்றார். நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றோம். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று என் அம்மா சொல்வார். நான் அதைப் பழமொழி என்று மட்டும் நினைத்திருந்தேன்.

சூட்டுச் செய்தி நிற்காமல் வரவே, ஒரு நாள் கார்த்திகன் றெஜிக்கே எடுத்தான்.

“அண்ணா, இது என்னத்தால வருது? ஃபான் மாத்துவமோ, கார்ட் பழுதோ? சரியான காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ.”

உண்மையைச் சொன்னால் தாயைக் காட்டிக்கொடுத்த மாதிரி. மகனின் மெஷினை வேண்டுமென்று சூடாக்குகிற தாய் என்று வந்துவிடும். றெஜிக்கு அது வாயில் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது கடல் காத்து தம்பி” என்றார். “வெள்ளவத்தைதானே, உப்புக் காத்து. உப்புப் பிடிச்சால் கார்ட்டுக்குச் சூடு இறங்காது.”

பொய்யும் முழுப் பொய்யில்லை. கடற்கரைப் பக்கத்து ஃப்ளட்டுகளில் ஜன்னல் கம்பி முதல் ஃப்ரிட்ஜ் வரை உப்புத்தான் தின்னும், வெள்ளவத்தைக்காரர் எல்லாருக்கும் தெரிந்தது. கார்த்திகனும் அங்கே வளர்ந்தவன், உடனே நம்பினான். போனை வைத்துவிட்டு றெஜி என்னைப் பார்த்துச் சிரித்தார். “எப்படி?” என்றார். நானும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லி ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அடுத்த நாளே தெரிந்தது. கார்த்திகனிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. உப்புக் காற்று என்றால் ஃபான் மாற்றி என்ன, கார்ட் மாற்றி என்ன, இடத்தை அல்லவா மாற்ற வேண்டும்? நாவலப் பக்கம், கடலுக்குத் தள்ளி, தன் சிநேகிதன் ஒருவனின் கட்டடத்தில் ஒரு அறை பேசிவிட்டானாம். ஏசியும் இருக்கிறதாம். “அம்மாவுக்கும் சத்தம் இல்லாமல் நிம்மதியா இருக்கும் அண்ணா” என்று முடித்திருந்தான். தாயைப் பற்றியும் யோசித்திருக்கிறான் பாருங்கள்.

“போய் உண்மையைச் சொல்லுங்க” என்றேன் நான்.

“இப்ப சொன்னால் நானும் பொய்க்காரன், அன்ரியும் பொய்க்காரி. வேலையும் போகும்” என்றார் றெஜி. அந்தச் சம்பளத்தை நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

மெஷின்களைக் கழற்றப் போன அன்று அன்ரி வழமைபோல் கதவைத் திறந்துவிட்டார். தேத்தண்ணி தந்தார், சீனி போட மறந்துவிட்டார். றெஜி வயர்களைச் சுருட்டும்போது வாசலிலேயே நின்றார். லொறிக்காரன் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனான். லிஃப்ட் வேலை செய்யவில்லை, நாலு மாடியும் இறங்க வேண்டும். கடைசி மெஷினை எடுக்கும்போது அன்ரி மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, ஒண்டை விட்டிட்டுப் போகேலாதோ? பழுதானதெண்டாலும் பரவாயில்லை.”

றெஜி குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றார். நான்தான் சொன்னேன், “பழுதானதுக்குச் செய்தி வராது அன்ரி.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் “ஓம், ஓம், அதுதானே” என்றார்.

அந்த அறை திரும்பவும் அறையாயிற்று. கட்டிலை உள்ளே கொண்டுவந்து பூட்டச் சொன்னோம், வேண்டாம் என்றுவிட்டார். நான் பிறகும் இடைக்கிடை போவேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு பஸ் கிடைத்தால் அப்படியே வெள்ளவத்தைக்கு ஒரு நடை. “கார்த்திகன் எடுத்தாரா அன்ரி?” என்று கேட்கிறதை நிறுத்திவிட்டேன். அவரோ ஒவ்வொரு முறையும் றெஜியைக் கேட்கச் சொல்லி ஒரே கேள்வி: “அங்க சூடு இல்லைத்தானே?” ஏசி அறையில் என்ன சூடு? ஆறும் ஐம்பது பாகையில் மகாராசா மாதிரி இருந்தன. றெஜியின் ஸ்கிரிப்டுக்குப் பேச ஒரு விசயமும் இல்லை. காலையில் றிப்போர்ட் போகும், கட்டைவிரல் வரும்.

ஆவணியில் பாலசுந்தரம் அங்கிளின் திவசம் வந்தது. அன்ரி எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மகன் கட்டாயம் எடுப்பான் என்றும் சொன்னார். திதி வருசத்துக்கு வருசம் மாறும் என்பதால் ஒரு கிழமை முன்னாலேயே அவனுக்கு எழுதிப் போட்டாராம். பதில் வந்ததா என்று கேட்டேன். போனைத் திறந்து காட்டினார். கட்டைவிரல்.

காஸ் வந்திருந்த கிழமை அது. கிடைத்த மரக்கறியெல்லாம் வாங்கி, அங்கிளுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, வடை, பாயாசம் என்று அன்ரி தனியாளாகச் சமைத்திருந்தார். காலையில் கோயிலுக்குப் போய் ஐயருக்கு அரிசி காய்கறி கொடுத்துவிட்டு வந்தாயிற்று. படத்துக்கு முன்னால் படைத்தாயிற்று. பல்கனியில் காகத்துக்கு வைத்தாயிற்று, வெள்ளவத்தைக் காகம் கூப்பிடுமுன்னே வந்து தின்றுவிட்டும் போயிற்று. எங்களுக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் உட்காரவில்லை.

“நீங்களும் சாப்பிடுங்க அன்ரி.”

“அவன் எடுக்கட்டும். அங்க இப்பதான் விடிஞ்சிருக்கும்.”

நாங்கள் கைவைக்காமல் இருந்தோம். கீழே கடற்கரை லைனில் ஒரு ரயில் போயிற்று. இன்னொரு ரயிலும் போயிற்று. பாயாசத்தில் ஆடை படிந்துவிட்டது. விரதம் இருந்த மனுசி, விடியற்காலை தொடங்கி ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கவில்லை. நான் மேசைக்குக் கீழே றெஜியின் காலை மிதித்தேன். அவருக்கு விளங்கியது. போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார். வீட்டு லப்டொப்புக்குள் போனிலிருந்தே போகலாம், அது அவர் செய்துவைத்த வழிதான். ஸ்கிரிப்டை ஒரு பொய்ச் செய்தி அடிக்க வைத்தார்: நாலாவது மெஷின், தொண்ணூற்றொரு பாகை.

செய்தி போய் ஒரு மூச்சு விடவில்லை, போன் அடித்தது. என்ன, இந்த முறை அடித்தது றெஜியின் போன். மெஷின் அன்ரி வீட்டில் இல்லையே. றெஜி உள்ளே ஓடிவந்து, அன்ரிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“அண்ணா, நாலாவது எரியப் போகுது! ஏசி நிண்டிட்டுதோ? எங்க நிக்கிறியள்?”

“வெள்ளவத்தையில, உங்க அம்மா வீட்டில தம்பி. இண்டைக்கு அப்பாவுட திவசம். அம்மா பக்கத்திலதான் நிக்கிறாங்க. இந்தா, கதைங்க.”

அன்ரி ஒரு அடி முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேசையை நோக்கிக் குனிந்தார்.

“ஐயோ… இண்டைக்கோ?” என்றது போன். “அண்ணா, அம்மாட்டச் சொல்லுங்கோ, பிறகு ஆறுதலா எடுக்கிறன் எண்டு. முதல்ல நாலாவதை நிப்பாட்டுங்கோ. நீங்கள் அங்க சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மெஷினை ஆர் பாக்கிறது? ப்ளீஸ் அண்ணா.”

லைன் அறுந்தது.

குனிந்தபடியே நின்றார் அன்ரி. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சூரிச் வரை கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. “அவன் ஒரு…” என்று தொடங்கினேன். அன்ரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“அவனுக்குத் தடிமன் பிள்ளை” என்றார். “மூக்கடைச்சுக் கதைக்கிறான், கேட்டனீங்களே? நெஞ்சிலயும் இறங்கிட்டுது போல.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. றெஜிக்கும் கேட்கவில்லை. கொஞ்ச வார்த்தை, அதுவும் தனக்கில்லாத வார்த்தை. அதற்குள் அந்தக் காது அதைப் பிடித்திருந்தது.

“தம்பி, நீங்கள் அவனுக்கு எழுதேக்க ஒருக்காப் போட்டு விடுங்கோ, மல்லித்தண்ணி அவிச்சுக் குடிக்கட்டாம். வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, அதையும் தட்டிப் போடச் சொல்லுங்கோ. அங்க தமிழ்க் கடையில வாங்கலாம்.”

றெஜி அப்போதே எழுதினார். எழுதும்போது நான் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். “நாலாவது சரி. ஆறும் ஓடுது. உங்களுக்குத் தடிமன் எண்டு அம்மா சொல்றா. மல்லித்தண்ணி குடிக்கட்டாம், வேர்க்கொம்பு போட்டு.”

பதில் உடனே வந்தது. ஒரு கட்டைவிரல். அதற்குக் கீழே: “நாலாவது இப்ப எத்தினை பாகை அண்ணா?”

“பதில் போட்டிட்டானோ?” என்று அன்ரி கேட்டார். மூக்குக்கண்ணாடி மேசையில் கிடந்தது, அதை எடுக்கக் கை நீட்டினார். றெஜி போனைக் கவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“ஓம் அன்ரி. குடிக்கிறாராம்.”

அன்ரி சொல்லைக் கேட்கவில்லை, றெஜியின் குரலைத்தான் கேட்டார். கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து, தன் இலையில் ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டார்.